சொந்தக் கையெழுத்து

வாரக் கடைசியில் அவள் யாரோடும் பேசுவதில்லை. பேசக் கூடாது என்று ஒன்றுமில்லை, பேச ஆள் இல்லை. அம்மா போன பிறகு மூன்றாவது மாடி வீட்டில் அவள் மட்டும்தான். தம்பி வேறு ஊரில் இருக்கிறான். எப்போதாவது போன் செய்தால், “எப்படிக்கா இருக்க, நல்லாத்தானே இருக்க” என்று கேள்வியையும் பதிலையும் அவனே சொல்லி முடித்துவிடுவான். அதனால் திங்கட்கிழமை காலையில் மருத்துவமனை வாசல் காவலாளிக்கு வணக்கம் சொல்லும்போது அவள் குரல் கரகரவென்று வரும்.

“சளியா மேடம்?” என்பார் அவர்.

“ஆமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அது மனநல மருத்துவமனை. அவள் அங்கே சமூகப் பணியாளர். மருந்துக் கிடங்கை ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எந்தக் காலத்திலும் காயாத ஒரு சுவர். குணமானவர்களின் வீட்டைத் தேடிப் பிடித்து, வந்து கூட்டிப் போங்கள் என்று சொல்லுவதுதான் அவள் வேலை. சிலர் வருவார்கள். சிலர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

பெண்கள் வார்டில் டெய்லரம்மா என்று ஒருத்தி இருந்தாள். சொந்தப் பெயர் வருகைப் பதிவில் மட்டும்தான். பிரசவத்தில் குழந்தை இறந்து, அந்தத் துக்கத்தில் தூக்கம் கெட்டு, தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தவளை அண்ணன் கொண்டுவந்து சேர்த்தான். புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். ஓரிரு வருடத்தில் அவளுக்குத் தெளிந்துவிட்டது. ஆனால் சேர்த்தவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவோம் என்பது மருத்துவமனையின் வழக்கம். அண்ணன் வரவில்லை. தையல் அறையில் உட்கார்ந்து வார்டுக்கான தலையணை உறை, திரைச்சீலை, நோயாளிகளின் சட்டை எல்லாம் தைத்துக்கொண்டே அவள் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. டாக்டர்கள் மாறினார்கள். வருகிற ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு, குணமாகிவிட்டது, உறவினர் வந்தால் அனுப்பலாம் என்றே எழுதினார்கள்.

ஒரு நாள் சமூகப் பணியாளர் கிழிந்த திரைச்சீலையைக் கொடுக்கப் போனபோது டெய்லரம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

“மேடம், நான் செத்துப்போனா யார் கையெழுத்துப் போடுவாங்க?”

“ஏன் அப்படிப் பேசறீங்க?”

“இல்ல, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு. உயிரோட போறதுக்கு அண்ணன் வரணும். பொணமா போறதுக்கும் அண்ணன்தான் வரணுமா?”

பொணமாகப் போவதற்கு யாரும் வர வேண்டியதில்லை. அது அவளுக்குத் தெரியும். திரைச்சீலையை வைத்துவிட்டு வந்துவிட்டாள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. தான் செத்தால் யார் வருவார்கள் என்ற கேள்வியும் அதன் பின்னாலேயே வந்தது. தம்பி வருவான். லீவு கிடைத்தால்.

டெய்லரம்மாவின் அண்ணனைக் கண்டுபிடிக்கப் பல வாரம் அலைந்தாள். ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய ஒரு கடைத்தெருவில் அவர் பெயிண்ட் கடை வைத்திருந்தார். மருத்துவமனை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கல்லாவை விட்டு எழுந்து அவளைப் பின்பக்கக் குடோனுக்குக் கூட்டிப் போனார். டப்பாக்களுக்கு நடுவே நின்றபடி தணிந்த குரலில் பேசினார்.

“அவ அங்கயே நல்லா இருக்கா. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மருந்து. இங்க கூட்டிட்டு வந்து நான் எங்க வெச்சுக்கறது?”

“மருந்தே இல்லீங்க. நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு.”

“பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கோம். இந்த நேரத்துல போய்...” என்று நிறுத்தினார். பிறகு, “அத்தை செத்துப்போயிட்டான்னுதான் பசங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்” என்றார்.

அவரைப் பார்க்கக் கோபமும் வரவில்லை அவளுக்கு. களைத்துப்போன மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கை நகத்தில் நீலப் பெயிண்ட். “ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்று கெஞ்சிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் பொறுப்பு தன் தலையில் விழும் என்று அவர் மசியவில்லை.

திரும்பி வந்த பிறகுதான் அவளுக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. வயது வந்த ஒரு பெண், டாக்டரே குணமாகிவிட்டது என்று எழுதிய பெண், தன் காலில் வெளியே நடந்து போக அண்ணன் கையெழுத்து எதற்கு? அப்படி எந்தச் சட்டத்தில் இருக்கிறது? தேடினாள். எங்கேயும் இல்லை. வழக்கம், அவ்வளவுதான்.

கண்காணிப்பாளரிடம் போய் நின்றாள். அவர் நல்லவர்தான், ஆனால் பயந்தவர்.

“நாளைக்கு வெளில ஏதாவது ஆச்சுன்னா பேப்பர்ல என் பேருதான் வரும். உங்க பேரு வராது” என்றார்.

“அப்ப நான் கோர்ட்டுக்குப் போறேன் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “யார் மேல? நம்ம மேலயா? நீங்க நம்ம ஆளும்மா.”

“அவங்களும் நம்ம ஆளுதானே சார்” என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

இலவச சட்ட உதவி மையத்தில் ஓர் இளம் வக்கீல் கிடைத்தாள். ஒரே சமயத்தில் நாலு கோர்ட்டில் நிற்கப் பார்க்கிறவள். பேசும்போதே நடப்பாள், நடக்கும்போதே சாப்பிடுவாள். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் நின்றாள்.

“இவங்க ஒருத்தர்தானா, இல்ல இப்படி இன்னும் இருக்காங்களா?”

“வார்டுல பாதிப் பேர் இப்படித்தான்.”

“அப்ப எல்லாருக்கும் சேத்துக் கேப்போம். ஆனா நீங்க சாட்சி சொல்லணும். சொல்லுவீங்களா? உங்க ஆபீஸுக்கு எதிரா?”

“சொல்றேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. தீர்ப்பு வந்ததும் நான் அடுத்த கேஸுக்குப் போயிடுவேன். நீங்க அதே கேன்டீன்லதான் சாப்பிடணும்.”

வக்கீல் சொன்னது அப்படியே நடந்தது. வழக்குப் பதிவான வாரத்திலிருந்து கேன்டீனில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்தால் மேஜையில் பேச்சு நின்றுவிடும். யாரும் எழுந்து போகவில்லை, திட்டவில்லை. பேச்சு மட்டும் நிற்கும். அவள் சாப்பிட்டு எழுந்து போன பிறகு, முதுகுக்குப் பின்னால் மறுபடி தொடங்கும். தலைமை நர்ஸ் ஒருத்திதான் நேராகக் கேட்டாள். “குளிக்கற தண்ணி சூடா இல்லன்னு எங்க மேலயும் கேஸ் போடுவீங்களா மேடம்?” சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டைத் தன் அறையிலேயே, அந்த ஈரச் சுவரைப் பார்த்தபடி சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

கோர்ட் வாய்தா மேல் வாய்தா கொடுத்தது. ஒரு தடவை அரசு வக்கீல் வரவில்லை. ஒரு தடவை நீதிபதி விடுப்பு. இன்னொரு தடவை எல்லாரும் வந்திருந்தார்கள், வழக்குக் கட்டைத்தான் காணோம். ஒவ்வொரு தடவையும் டெய்லரம்மா தானே தைத்த வெள்ளைக் காலர் வைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நர்ஸ் துணையோடு மருத்துவமனை வேனில் வந்தாள். கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் உடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “அந்த வக்கீலோட கோட்டுல தோள் இறங்கியிருக்கு பாருங்க. எவனோ அளவெடுக்காம தெச்சிருக்கான்” என்பாள்.

ஒருவழியாக விசாரணை நடந்த அன்று அண்ணனும் வந்திருந்தார். கோர்ட்டிலிருந்து அழைப்புப் போயிருந்தது. வராந்தாவின் அந்தக் கோடியில் தூணோடு தூணாக நின்றவரை டெய்லரம்மாதான் முதலில் பார்த்தாள். எழுந்து போனாள். நர்ஸ் தடுக்கப் போக, சமூகப் பணியாளர் நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நல்லா இருக்கியாண்ணா? முடியெல்லாம் கொட்டிப்போச்சே.”

அவர் தலையைத் தடவிக்கொண்டார். “வயசாகுதுல்ல.”

“அண்ணி?”

“அவ போயிட்டா. போன வருஷம்.”

டெய்லரம்மா, “எனக்குச் சொல்லவே இல்லையே” என்றாள். குற்றம் சொல்லுகிற குரல் இல்லை அது. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டவள் போலச் சொன்னாள். அண்ணன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கோர்ட்டில் அவரைக் கேட்டபோது, வெளியே விடுவதில் தனக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் தன்னால் கூட்டிப் போக முடியாது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

பிறகு சமூகப் பணியாளரைக் கூண்டில் ஏற்றினார்கள். இளம் வக்கீல் கேட்க வேண்டியதைக் கேட்டாள். எத்தனை பேர் குணமாகியும் உள்ளே இருக்கிறார்கள், டாக்டர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், உறவினர் கையெழுத்து வேண்டும் என்பது எந்தச் சட்டம். அவள் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாள். கண்காணிப்பாளர் முன்வரிசையில் உட்கார்ந்து கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசுகிறவர்.

“அம்மா, நீங்க நல்ல மனசோட செய்யறீங்க. நான் இல்லங்கல. ஆனா நடைமுறையைக் கேக்கறேன். இவங்க வெளில போய்த் தனியாத்தானே இருக்கப்போறாங்க?”

“ஆமா.”

“ஒரு நாள் ராத்திரி உடம்புக்கு முடியலன்னா? யார் பாத்துப்பாங்க? மனசு சரியில்லன்னா யார்கிட்டச் சொல்லுவாங்க? வீட்ல ஒரு ஆள் கூட இல்லாத ஒருத்தரை எந்த நம்பிக்கைல வெளில அனுப்பறது?”

அவள் தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அரசு மருத்துவமனையில் மாதாமாதம் பரிசோதனை, அவசர உதவிக்குத் தொலைபேசி எண் என்று. அது வாய்க்கு வரவில்லை.

“நானும் தனியாத்தான் இருக்கேங்க” என்றாள். “வீட்ல ஒருத்தரும் இல்ல. எனக்கு உடம்புக்கு முடியலன்னா யார் பாத்துப்பான்னு எனக்கும் தெரியாது. மனசு சரியில்லாத நாளும் உண்டு. யார்கிட்டயும் சொன்னதில்ல. அதுக்காக என்னை யாரும் பூட்டி வெக்கலையே. காலைல எழுந்து வேலைக்கு வர்றேன், உங்க முன்னாடி நிக்கறேன். எனக்கு நீங்க குடுத்திருக்கற நம்பிக்கையைத்தான் அவங்களுக்கும் கேக்கறேன்.”

அரசு வக்கீல் நீதிபதியைப் பார்த்தார். பிறகு, “மேற்கொண்டு கேள்வி இல்லை” என்று உட்கார்ந்துகொண்டார்.

கூண்டிலிருந்து இறங்கும்போது அவள் முகம் எரிந்தது. இத்தனை வருடம் கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாததை, முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவே, தட்டச்சு செய்கிறவர் வார்த்தை விடாமல் அடித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டோமே என்று கூசியது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் பிரயத்தனப்படுவதும் தெரிந்தது.

நீதிபதி டெய்லரம்மாவைத் தன் மேடைக்குப் பக்கத்திலேயே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“வெளில போனா என்ன செய்வீங்க?”

“தைப்பேன் ஐயா.”

“அது தெரியுது. வேற?”

அவள் யோசித்தாள். “கதவை உள்பக்கமா தாழ் போட்டுப்பேன். இத்தனை நாளா வெளியிலேருந்துதான் பூட்டறாங்க.”

நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வர மழைக்காலம் ஆகிவிட்டது. குணமாகிவிட்டதாக டாக்டர் சான்று தந்த பிறகு, வயது வந்த எவரும் தன் கையெழுத்திலேயே வெளியேறலாம். உறவினர் வரவில்லை என்பது ஒருவரை அடைத்துவைக்கக் காரணமாகாது. அந்த மருத்துவமனையில் அப்படி இருக்கிற எல்லோரையும் உடனே மறுபரிசீலனை செய்ய வேண்டும். இளம் வக்கீல் போனில் படித்துக் காட்டிவிட்டு, “ஜெயிச்சுட்டோம் மேடம், அப்புறம் பேசறேன், அடுத்த கோர்ட்டுல கூப்பிடறாங்க” என்று வைத்துவிட்டாள். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தம்பிக்கு அடித்தாள். அவன் எடுக்கவில்லை. எழுந்து தையல் அறைக்குப் போனாள்.

விடுவிக்கும் நாளில் எழுத்தர் வழக்கம்போல மைப்பெட்டியைத் தள்ளினார். டெய்லரம்மா அதை ஒதுக்கி வைத்தாள்.

“எனக்கு எழுதத் தெரியும்.”

“இத்தனை நாளா ரேகைதானே வெச்சீங்க?”

“நீங்க பெட்டியை நீட்டுனீங்க, நான் வெச்சேன். தெரியுமான்னு யாரும் கேக்கலையே” என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வைத்துத் தன் பெயரை எழுதினாள். தலைமை நர்ஸ் வாசல்வரை வந்து, தையல் அறையின் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தாள். “இது ஆஸ்பத்திரி சொத்து. தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்கறேன்” என்றாள்.

ரெடிமேட் துணி தைக்கும் ஒரு பட்டறையில் டெய்லரம்மாவுக்கு வேலை கிடைத்தது. அதற்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் நிறுத்தம். சமூகப் பணியாளர் சனிக்கிழமைதோறும் அங்கே போக ஆரம்பித்தாள். முதலில் வேலையின் பொருட்டுத்தான். எப்படி இருக்கிறாள், தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று பார்க்க. ஆனால் அந்தக் கேள்விகளெல்லாம் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கப்புறமும் அவள் உட்கார்ந்திருப்பாள். இருவரும் சேர்ந்து காய் நறுக்குவார்கள், சமைப்பார்கள், சாப்பிடுவார்கள். பட்டறையில் யார் யாரோடு சண்டை, மேஸ்திரிக்கு எந்தக் காது கேட்காது, எந்தப் பெண் காதலிக்கிறாள் என்று டெய்லரம்மா கதை கதையாகச் சொல்லுவாள். இப்போதெல்லாம் அவள் மேடம் என்று கூப்பிடுவதில்லை, அக்கா என்றுதான்.

திங்கட்கிழமை குரல் தெளிவாக வந்தது. “சளி விட்டுடுச்சா மேடம்?” என்றார் காவலாளி.

சில மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை மாடிப்படியில் ஏறும்போது கீழ்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “நீங்க யாரு, அவங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்டாள். “தெரிஞ்சவங்க” என்று சொல்லிவிட்டு மேலே போனாள். டெய்லரம்மாவின் காதில் அது விழுந்திருந்தது. அன்று அவள் கதை எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“நீங்க இனிமே இங்க வர வேண்டாம்.”

வெளியே ஒரு பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது.

“பட்டறைல ஒரு பொண்ணு உங்களைப் பாத்திருக்கா. அவ சித்தி ஆஸ்பத்திரில வேலை பாக்கறாங்களாம். இந்த மேடம் ஏன் உங்க வீட்டுக்கு வர்றாங்கன்னு கேட்டா. நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். இங்க யாருக்கும் என்னைப் பத்தித் தெரியாதுக்கா. ஊர்லேருந்து வந்தவ, தையல் நல்லா வரும், கொஞ்சம் வாயாடி. அவ்ளோதான் நான். நீங்க படியேறி வந்தீங்கன்னா நான் மறுபடியும் அந்த வார்டுக்காரி ஆயிடறேன்.”

அவளுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாமே, அக்கா என்றுதானே கூப்பிடுகிறாய் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அப்படிக் கேட்டால் டெய்லரம்மா மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். அதனாலேயே கேட்கக் கூடாது.

“சரி” என்றாள். “ஏதாவதுன்னா போன் பண்ணுவீங்களா?”

“பண்ணுவேன். கோவமில்லையே?”

“எதுக்குக் கோவம்? இதுக்குத்தானே கோர்ட்டுக்குப் போனோம்.”

டெய்லரம்மா எழுந்து அவள் சட்டையின் கைப்பக்கம் தையல் விட்டிருந்ததைப் பிடித்துப் பார்த்தாள். “கழட்டுங்க, ரெண்டு நிமிஷம்” என்று துண்டைக் கொடுத்தாள். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, மிஷின் ஓடியது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மேலே பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து, பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வீட்டைக் கூட்டினாள், துவைத்தாள், எல்லாம் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தம்பி போன் செய்தான். நல்லாத்தானே இருக்க என்றான். அவன் வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது. மதியத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்கே போய்விட்டாள்.

வார்டில் பாட்டுக்காரி என்று ஒருத்தி உண்டு. அடுத்து அவளுடைய மனுதான். டாக்டர் சான்று தந்துவிட்டார், கண்காணிப்பாளர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார், தேவைப்பட்டால் மறுபடி கோர்ட் படியேற வேண்டியிருக்கும். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாட்டுக்காரி அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்ன மேடம், லீவு நாள்ல? ஆர்டர் வந்துடுச்சா?”

“இல்ல. புதன்கிழமை மறுபடி அவரைப் பாக்கறேன். சும்மாதான் வந்தேன்.”

“சும்மாவா?” என்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “வீட்ல தேட மாட்டாங்களா?”

“தேட மாட்டாங்க.”

பாட்டுக்காரி பக்கெட்டில் மீதியிருந்த ஈரப் போர்வையின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். “அந்தப் பக்கம் பிடிங்க. தனியாப் பிழிய முடியல” என்றாள்.

அவள் கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போர்வையைப் பிடித்துக்கொண்டாள்.